டிராஃபிக்கில் ஹீட் ஆகுதா, ஹைவேயில் ஹீட் ஆகுதா? பழைய காரின் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சாலையோரம் பானெட்டைத் திறந்துபோட்டு நிற்கும் கார்களை அடிக்கடி பார்க்கலாம். 'வெயில் ஜாஸ்தி, அதான் ஹீட் ஆகுது' என்று ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புபவர்கள்தான் அதிகம். அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

பழைய காரை வைத்திருப்பதே இப்போது செலவுதான். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் அது ரூ.10,000 ஆக்கப்பட்டது. இவ்வளவும் கட்டி ஓட்டும் வண்டியில் இன்ஜினும் போய்விட்டால் என்ன செய்வது?

வெயில்தான் காரணமா?

இல்லை. ஓடும் இன்ஜினில் கூலன்ட்டின் வெப்பநிலை சாதாரணமாகவே 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வெளியே 40 டிகிரி அடித்தாலும் தாங்கும்படிதான் ரேடியேட்டரை அமைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் கோளாறை வெயில் வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

அது என்ன கோளாறு என்பதற்கு முதல் துப்பு, வண்டி 'எப்போது' ஹீட் ஆகிறது என்பதில் இருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஹீட் ஆகிறதா?

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்யணும். எனவே முதல் சந்தேகம் ஃபேன் மீது. ஒரு எளிய சோதனை: ஏசியைப் போடுங்கள். பல கார்களில் ஏசி ஓடினால் ரேடியேட்டர் ஃபேனும் சுற்றும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டாரைப் பார்க்கணும். ஏசிக்குச் சுற்றி, ஹீட் ஏறும்போது மட்டும் சுற்றவில்லை என்றால் சென்சார் பக்கம் பார்க்கணும். ஏசிக்குத் தனி ஃபேன் உள்ள கார்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

ஹைவேயிலும் மலைப்பாதையிலும் ஹீட் ஆகிறதா?

ஊருக்குள் ஒழுங்காக ஓடி, வேகம் எடுத்தாலோ ஏற்காடு, ஊட்டி மாதிரி மலை ஏறினாலோ முள் மேலே போனால், பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப் கோளாறு. கூலன்ட்டுக்குப் பதில் பல வருஷம் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் உப்பு படிந்து உள்ளே குழாய்கள் அடைத்திருக்கும்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஹீட் ஆகிறதா?

முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். 'நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே வேண்டாம்' என்று கழற்றி எறியும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும். ரேடியேட்டரில் அடைப்பு இருந்தால் அதுவும் சரியாகாது.

ஒழுகலே இல்லாமல் 'தண்ணி குடிக்குதா'?

இதுதான் ஆபத்தான அறிகுறி. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, பால் கலந்த காபி மாதிரி மாறிய இன்ஜின் ஆயில், ரேடியேட்டரில் தொடர்ந்து வரும் குமிழி ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றில் எதைக் கண்டாலும் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள். டோ செய்துதான் கொண்டுபோகணும்.

வழியில் ஹீட் ஆனால்?

ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டி, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. அது குக்கர் மாதிரி: உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும்.

சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றக் கூடாது. பெரும்பாலான கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். திடீர்க் குளிர்ச்சியில் அது வளையலாம், விரிசலும் விடலாம்.

இன்னொன்று, ஹீட் முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் முழுக்க வெளியேறி, சென்சார் வெறும் ஆவியை அளந்துகொண்டிருக்கலாம்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

'ரேடியேட்டரை மாத்திடலாம் சார்' என்றால், 'முதல்ல பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பாருங்க' என்று சொல்லுங்கள். ஒழுகல் எங்கே இருக்கிறது என்பது அதில் தெரியும். எப்போது ஹீட் ஆகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட், ஹோஸ், ரேடியேட்டர் மூடி எல்லாம் சின்னச் செலவு. ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் போடும் வேலை அதைப்போலப் பல மடங்கு. பழைய வண்டியை வைத்துக்கொள்வதா, ஸ்கிராப்புக்கு அனுப்புவதா என்ற முடிவே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை முள் ஏறினால், பாட்டிலைத் தேடும் முன் எப்போது ஏறியது என்பதைக் குறித்து வையுங்கள்.