'சமநிலை' என்னும் அறிவுரை யாருக்காக?

சற்று நீண்ட பதிவு. சட்டக் கல்விப் புலத்தில் இருக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் முழுவதும் வாசித்தபின், மறுக்க வேண்டியவற்றை மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

டெல்லியில் நான் ஆய்வு செய்யும் வளாகத்தில் சென்ற வாரம் ஓர் அரங்கு நடைபெற்றது. சட்டப் படிப்பு, தனிவாழ்வு, சமூக ஊடகக் காணொலி ஆக்கம் ஆகிய மூன்றையும் சமநிலையில் பேணுவது எப்படி என்பது பொருள். மேடையில் மூவர்: மூத்த பேராசிரியர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், இன்ஸ்டாகிராமில் பெருந்திரளானோர் பின்தொடரும் இறுதியாண்டு மாணவர் ஒருவர். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். நாளைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியைத் தொடக் கூடாது. மூவரும் ஏறத்தாழ இவற்றையே சொன்னார்கள்.

கேள்வி நேரத்தில் முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்தார். வட ஆர்க்காட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்தவர். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் பாடம் சொல்லிக்கொடுத்து மெஸ் கட்டணத்தை ஈட்டுகிறவர். இரவில் விடுதி அறையிலிருந்து, சட்டத்தைத் தமிழில் விளக்கும் சிறு காணொலிகளை யூடியூபில் வெளியிடுகிறவர். "இவற்றில் நான் எதை விட வேண்டும்?" என்று தயங்கிய ஆங்கிலத்தில் கேட்டார். "உங்கள் முன்னுரிமைகளை நீங்கள்தாம் தீர்மானிக்க வேண்டும்" என்று விடை வந்தது. அரங்கு கைதட்டியது. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: "அக்கா, நான் கேட்டது அவங்களுக்குப் புரியலையா, இல்ல என் இங்கிலீஷ் சரியில்லையா?"

அவருடைய ஆங்கிலத்தில் குறையில்லை. கேள்வியும் நன்றாகவே புரிந்தது. விடையளிக்கும் பொறுப்பு மேடையில் இருந்தவர்களுக்கும் உண்டு என்பதைத் தட்டிக்கழிக்கவே 'சமநிலை' என்னும் சொல் அங்கே உதவியது. அச்சொல் மாணவரின் மனவுறுதியைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றும். உண்மையில் அது மறைப்பது, மாணவரின் நேரத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்னும் கேள்வியை. இப்பதிவின் வாதம் இவ்வளவே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஒரு பருவம் 15 வாரங்களுக்குக் குறையக் கூடாது. வாரத்துக்கு 30 வகுப்பு நேரங்களுக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பினருக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பினருக்கு 12 வாரமும் உள்ளகப் பயிற்சி கட்டாயம். ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு மணி நேர வாசிப்பு என்று குறைத்து மதிப்பிட்டாலும் வாரத்துக்கு 60 மணி ஆகிறது. ஆலைத் தொழிலாளிக்கே சட்டம் 48 மணி என்று வரம்பு கட்டியிருக்கிறது.

இக்கணக்கில் உள்ளகப் பயிற்சியின் செலவு இன்னும் சேரவில்லை. வழக்கறிஞர் அலுவலகங்கள் பலவற்றில் பயிற்சி மாணவருக்கு ஒரு ரூபாயும் தருவதில்லை. டெல்லியிலோ மும்பையிலோ உறவினர் வீடு இருப்பவர் அங்கே தங்கி, அங்கே உண்டு, நீதிமன்றம் போய்வருகிறார். மற்றவர் வாடகைக்கும் போக்குவரத்துக்கும் கடன் வாங்குகிறார். முன்னவருக்குத் துணி துவைப்பதும் சமைப்பதும் பிறர் கைவேலை. 'கால மேலாண்மை' என்று மேடையில் புகழப்படுவதில் எவ்வளவு பங்கு ஒழுங்கு, எவ்வளவு பங்கு வீட்டுப் பணம் என்று யாரேனும் பிரித்துக் காட்டியதுண்டா?

இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட. வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமற்போன டெல்லிச் சட்ட மாணவர் ஒருவர் 2016இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதையொட்டி எழுந்த வழக்கில், வருகைக் குறைவைக் காரணம் காட்டிச் சட்ட மாணவர் எவரையும் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. வகுப்பறைக்கு வெளியே நிகழும் கற்றலையும் கணக்கில் கொண்டு வருகை விதிகளை மறுபரிசீலனை செய்யுமாறும் கூறியது. இடையில் கழிந்தவை ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுகளிலும் மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது, "சமநிலையைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்பதே.

இனி, மாணவர்கள் ஏன் காணொலி ஆக்கத்துக்கு வருகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். புகழாசை என்று ஒரு வரியில் முடிப்பது எளிது. ஆனால் தொழிலின் நுழைவாயில் எப்படி இருக்கிறது? வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்குத் தேடுவதையும் விளம்பரம் செய்துகொள்வதையும் வழக்கறிஞர் மன்ற விதி 36 தடை செய்கிறது. சட்டம் வணிகமாகாது என்னும் கொள்கையை 1975இல் தபோல்கர் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் வலியுறுத்தினார். அக்கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அது எல்லோர்மீதும் ஒரே எடையில் இறங்குகிறதா? தந்தையின் பெயர்ப்பலகை, தாத்தாவின் அலுவலகம், அத்தையின் கட்சிக்காரர்கள் இவையெல்லாம் விளம்பரம் என்னும் வரையறைக்குள் வருவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்பு அங்கி அணிபவருக்கு, தன் பெயரை நாலு பேர் அறியச் செய்ய இருக்கும் ஒரே வழி கைப்பேசித் திரைதான்.

2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாத இடைவெளிக்குள் வந்த இரண்டு ஆணைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஜூனில், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது. ஜூலையில், இணையத் தளங்கள் வழியே வழக்குத் தேடும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு பணித்தது. இரண்டும் நாடு தழுவிய அளவில் வழக்கறிஞர் மன்றத்தின் அறிக்கைகளாக மாறின. உதவித்தொகை 'பரிந்துரை' ஆயிற்று. விளம்பரத் தடை 'எச்சரிக்கை' ஆயிற்று. 2025 மார்ச்சில் சமூக ஊடக விளம்பரங்களைக் கண்டித்து மன்றம் மீண்டும் ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கள் வளாக அறிவிப்புப் பலகையில் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. பரிந்துரையை நான் அங்கே கண்டதில்லை. ஊதியம் கொடு என்பது வேண்டுகோளாகவும், வாய் திறவாதே என்பது கட்டளையாகவும் இருக்கும் தொழிலில், மாணவரிடம் சமநிலையை எதிர்பார்க்கிறோம்.

இதனால் காணொலி ஆக்குவோர் எல்லோரும் குற்றமற்றவர்கள் ஆகிவிடுவதில்லை. என் சினம் அவர்களில் ஒரு சாரார்மீதும் உண்டு. சமநிலையையே ஒரு விற்பனைப் பண்டமாக்கியவர்கள் அவர்கள். 'சட்டக் கல்லூரியில் என் ஒரு நாள்' என்னும் ரீலில் அதிகாலை காபி, நூலக விளக்கொளி, உடற்பயிற்சி, இரவில் நாட்குறிப்பு. இடையில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிறுவனத்தின் தள்ளுபடிக் குறியீடு. பணம் பெற்றுப் பேசினால் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நுகர்வோர் சட்டத்தைப் பாடமாகப் படிப்பவரே இதை மறந்தால் மற்றவரிடம் என்ன எதிர்பார்ப்பது? மேலும், அந்த ரீலைக் காண்பவர் பதினேழு வயதுப் பிள்ளை. அந்த வாழ்வைப் பார்த்துத் தன் வாழ்வைத் தோல்வியென்று கருதும் பிள்ளைகளை நான் ஒவ்வோராண்டும் முதல் பருவத்தில் சந்திக்கிறேன்.

தனிவாழ்வு இன்னும் மோசமாகச் சிதைகிறது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். அதைக் காலையில் வகுப்பில் விவாதித்துவிட்டு, மாலையில் அறைத்தோழியின் அழுகையையும் மருத்துவமனையில் கிடக்கும் பாட்டியையும் படம்பிடித்து வெளியிடுகிறோம். அவர்களிடம் ஒப்புதல் கேட்டோமா? இங்கே தனிவாழ்வு காணொலிக்கு மூலப்பொருள் ஆகிவிட்டது. மூலப்பொருளுக்கும் ஆலைக்கும் இடையே சமநிலை பேசுவதில் பொருளில்லை.

ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஒரு நிமிடக் காணொலியில் சட்டம் அடங்காது. அரைகுறை மாணவர் பிணை பற்றியோ ஜீவனாம்சம் பற்றியோ தவறாகச் சொன்னால் அதை நம்பும் ஏழை பாதிக்கப்படுவார் என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள். உண்மை. அத்தகைய பிழைகளை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த இடம் ஏன் வெற்றிடமாகக் கிடந்தது? உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்று அரசமைப்பின் 348ஆம் உறுப்பு வைத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழுக்கு இடம் கேட்ட தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டங்களின் பெயர்களைக்கூட நம் ஊர்ப் பெரியவர்கள் உச்சரிக்கத் தடுமாறுகிறார்கள். குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. அதை எளிய தமிழில் விளக்கியவர், அரங்கில் எழுந்து கேட்ட அந்த மாணவி. அதே பொருளில் ஆங்கிலக் கட்டுரை எழுதிய எனக்கு ஆய்வு மதிப்பெண் கிடைத்தது. மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை பெற்றுக்கொண்டு அதை எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கிடைத்தது முன்னுரிமை பற்றிய அறிவுரை.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. கட்டாயம் என்று விதித்த உள்ளகப் பயிற்சிக்கு ஊதியமோ, கல்வி நிறுவனத்தின் படியோ கட்டாயமாக வேண்டும். சட்டக் கல்வி நிறுவனந்தோறும் இருக்க வேண்டிய சட்ட உதவி மையத்தின் பணியாக, தாய்மொழியில் சட்ட விளக்கம் அளிப்பதை ஏற்று, ஆசிரியர் ஒருவர் பிழை பார்த்தபின் வெளியிடச் செய்து, அதற்கு மதிப்பெண்ணும் வருகையும் தர வேண்டும். பிழைகளுக்கு அஞ்சும் பேராசிரியர்கள் அந்தப் பிழைதிருத்தும் பணியை ஏற்க முன்வரட்டும். மூன்றாவது மாணவர்களுக்கு: பணம் பெற்றால் அறிவியுங்கள், ஒப்புதல் இல்லாத முகத்தைக் காட்டாதீர்கள், உங்களால் முடிந்ததை எல்லோராலும் முடியும் என்று சொல்லாதீர்கள்.

அந்த மாணவி முந்தாநாள் என்னிடம் வந்து, காணொலிகளை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். டியூஷனை நிறுத்தினால் மெஸ் கட்டணம் கட்ட முடியாது. வகுப்பைத் தவிர்த்தால் பாடத்தில் பின்தங்க நேரும். மீதி இருந்தது அதுதான். மேடை சொன்னபடியே முன்னுரிமையைத் தீர்மானித்துவிட்டார். அவருடைய கடைசிக் காணொலியின் கீழே, கணவர் விட்டுப்போன பெண் ஒருவர், "ஜீவனாம்சத்துக்கு எங்க போய் மனு குடுக்கணும் பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். நேற்றிரவு வரை அதற்கு விடை இல்லை. இன்று காலை நான் எழுதினேன்.

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.