செலவும் வரவும்

'செலவு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் இன்று நமக்குப் பணம் நினைவுக்கு வருகின்றது. பண்டைத் தமிழரோ அச்சொல்லைப் பயணம் என்னும் பொருளிற் பெரிதும் வழங்கினர். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லுதல் செலவு. அங்கிருந்து இங்கு வருதல் வரவு. கணக்கேட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் இவ்விரு சொற்களும் முன்னாளில் ஒரே வழியின் இரு திசைகளைக் குறித்து நின்றன. ஒருவரையொருவர் அறியாத இரு சாரார் கல்வியின் பொருட்டு ஒருவர் ஊருக்கு மற்றொருவர் செல்லவும் வரவும் வேண்டும் என்பதும், அத்தகைய பயணமே அவர்தம் ஐயத்தைப் போக்கவல்லது என்பதும் என் கருத்து. அதனை ஈண்டு விளக்குவேன்.

யான் வாழும் கண்ணமங்கலம் சவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டிய ஊர். யான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒருமுறை மாணவர் முப்பதின்மரை அம்மலைக்கு அழைத்துச் சென்றேன். "மலைக்காரர் நம்மைக் கண்டால் ஒதுங்குவர், அவர் பேச்சு நமக்கு விளங்காது" என்று பிள்ளைகள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தனர். மலைச் சிற்றூர் ஒன்றில் ஓரிரவு தங்கினோம். அவ்வூரார் சாமைச் சோறு ஆக்கிப் படைத்தனர், மலைத்தேனும் தந்தனர். பிள்ளைகள் நள்ளிரவுவரை கூடி விளையாடினர். மறுநாள் விடைபெறும்போது மலைச்சிறுவன் ஒருவன் என்னை நோக்கி, "ஐயா, நாங்கள் உங்கள் ஊருக்கு எப்போது வருவது?" என்று வினவினான். யான் திகைத்து நின்றேன். செல்வதைப் பற்றி எண்ணியிருந்த யான், அவர் வருவதைப் பற்றி எண்ணவே இல்லை.

அவ்வினாவிற்கு விடையளிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பின்னர் மலைச்சிறுவர் பன்னிருவர் வந்து எங்கள் மாணவர் இல்லங்களில் விருந்தினராய்த் தங்கினர். அதன் பின்னரே எங்கள் பள்ளியில் பேச்சு மாறிற்று. 'மலைக்காரர்' என்று பொதுவாகச் சுட்டிய பிள்ளைகள், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரிக்கலாயினர். செலவினால் வியப்புப் பிறந்தது; வரவினால் உறவு பிறந்தது.

இச்சிறு நிகழ்ச்சியை நினைவிற்கொண்டு, இன்று உலகில் ஐயமும் பகையும் மிகுந்து காணப்படும் இரு சாராரை நோக்குவோம். யூதரும் இஸ்லாமியரும் ஆபிரகாமைத் தம் முன்னோராகப் போற்றுவோர். யூதர் ஆபிரகாம் என்பவரை இஸ்லாமியர் இப்ராகீம் என்பர். இஸ்லாமியர் 'சலாம்' என்று வாழ்த்துவர். யூதர் 'ஷாலோம்' என்று வாழ்த்துவர். இரண்டும் ஒரு வேரிற் பிறந்த சொற்கள். இரண்டிற்கும் அமைதி என்பதே பொருள். ஆயினும், 1948ஆம் ஆண்டு முதல் இஸ்ரேல், பாலஸ்தீனம் ஆகிய பகுதிகளில் போர் பலமுறை மூண்டுள்ளது. 2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடந்த தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரவர் மாண்டனர். அவருள் குழந்தைகள் மிகப் பலர்.

"இவற்றிற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் வினவலாம். நம்மூரில் இஸ்லாமிய நண்பர் உங்களுக்கு உளர்; யூதர் ஒருவரையேனும் நீங்கள் கண்டிருத்தல் அரிது. ஆயினும் செய்திகளைக் கண்டவுடன், "யூதர் இத்தகையோர்", "இஸ்லாமியர் இத்தகையோர்" என்று ஒரு சமயத்தார் அனைவரையும் ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவார் நம்மிடையேயும் உண்டு. அச்சொல் அருகில் அமர்ந்திருக்கும் தோழனின் நெஞ்சையும் சுடும் என்பதை அவர் எண்ணுவதில்லை.

இவ்விரு சமயத்தாரும் என்றும் பகைவராகவே வாழ்ந்தனர் எனக் கருதுவோர் நம் நாட்டு வரலாற்றை நோக்குதல் வேண்டும். கி.பி. 849ஆம் ஆண்டில் வேணாட்டு மன்னர் அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்திலிருந்த தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோயிலுக்கு உரிமைகள் அளித்துச் செப்பேடு வழங்கினார். வட்டெழுத்தில் அமைந்த அப்பட்டயத்தின் இறுதியில் அயல்நாட்டு வணிகர் பலர் சான்றாளராய்க் கையெழுத்திட்டுள்ளனர். அரபு எழுத்தில் இட்டோர் உளர்; பாரசீகரின் பகலவி எழுத்தில் இட்டோர் உளர்; எபிரேய எழுத்தில் இட்ட யூதரும் உளர். கிறித்தவர் பெற்ற கொடைக்கு இஸ்லாமியரும் யூதரும் ஒரே ஏட்டிற் சான்று நின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், சோசப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 'அஞ்சுவண்ணம்' என்னும் உரிமையைச் செப்பேட்டில் வழங்கினார். மேற்கு நாடுகளிலிருந்து வந்த வணிகர் குழுவிற்கு அப்பெயர் வழங்கிற்று. தக்கலையில் வாழும் இஸ்லாமியர் அச்சொல்லைத் தம் சங்கத்தின் பெயரில் இன்றும் தாங்கியுள்ளனர். யூதர் பெற்ற பட்டயத்தின் சொல் இஸ்லாமியர் சங்கத்தின் பெயராகவும் விளங்குதல் அவ்விருவரும் இந்நிலத்தில் கலந்து வாழ்ந்தமைக்குச் சான்றன்றோ?

இவற்றை நூலிற் படிப்பதோடு நில்லாது, நேரிற் சென்று காணவும் நம்மால் இயலும். நம்மூர் நிலையத்தில் இரயில் ஏறிக் காட்பாடியை அடைந்தால், அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சிக்குச் செல்லும் வண்டிகள் உண்டு. கொச்சியில் மட்டாஞ்சேரி என்னும் பகுதியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பெற்ற யூதர் தொழுகைக் கூடம் உள்ளது. அதன் தரையில் பதித்திருப்பன சீன நாட்டிற் கையால் வண்ணம் தீட்டப்பெற்ற ஓடுகள். அக்கூடம் கொச்சி அரசரின் அரண்மனையை அடுத்து நிற்கின்றது. 1950களில் கொச்சி யூதருட் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

அத்தெருவில் தையற்கடை நடத்தி வந்த யூத மூதாட்டி ஒருவர் 2019ஆம் ஆண்டு தம் 96ஆம் அகவையில் மறைந்தார். முதுமையில் அவருக்கு மகன்போல் நின்று துணைசெய்தவர் ஓர் இஸ்லாமியர். அம்மூதாட்டி மறைந்த பின்னும், யூதர் தொழுகையில் அணியும் தொப்பிகளும் பூத்தையல் துணிகளும் நிறைந்த அக்கடையை அவர் பேணி வந்தார்.

கொல்கத்தாவிலும் இத்தகைய காட்சி உண்டு. 1881ஆம் ஆண்டு யூதச் சிறுமியருக்கென அங்குத் தொடங்கப்பெற்ற பள்ளியில், யூதர் தொகை குறைந்த பின்னர், இஸ்லாமியச் சிறுமியரே பெரும்பாலராய்ப் பயிலலாயினர். அந்நகரத்து யூதர் தொழுகைக் கூடங்களை இஸ்லாமியக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர்.

கொச்சியிலும் கொல்கத்தாவிலும் நாம் காண்பது பழைய உறவின் சுவடு. புதிய உறவை உண்டாக்குதற்கு இளைஞரே ஒருவரையொருவர் சந்தித்தல் வேண்டும். இதனை உணர்ந்து முயன்றோர் அயல்நாடுகளில் உளர். ஜான் வாலக் என்னும் செய்தியாளர், 1993ஆம் ஆண்டில் இஸ்ரேல், பாலஸ்தீனம், எகிப்து ஆகிய நாடுகளிலிருந்து 46 இளைஞரை அமெரிக்காவில் மெயின் மாநிலத்து முகாம் ஒன்றிற்கு வரவழைத்தார். 'அமைதியின் விதைகள்' எனப் பொருள்படும் பெயரால் அவ்வமைப்பு வழங்குகின்றது. யூதப் பிள்ளைகளும் அரபுப் பிள்ளைகளும் ஒரே குடிலில் உறங்கினர். ஒரே பந்தியில் உண்டனர். தம் துயரங்களையும் சினத்தையும் முகம் பார்த்துப் பேசினர்.

மொராக்கோ நாட்டில் 2007ஆம் ஆண்டு இஸ்லாமிய மாணவர் சிலர், தம் நாட்டு யூதரின் வரலாற்றைக் கற்கவும் காக்கவும் சங்கம் ஒன்று கண்டனர். அதற்கு 'மிமூனா' என்று பெயரிட்டனர். யூதர் தம் பாஸ்கா விழா நாள்களில் புளித்த மாவுப் பண்டம் எதனையும் இல்லத்தில் வைத்திரார். விழா முடியும் மாலையில், அண்டை வீட்டு இஸ்லாமியர் மாவும் பாலும் தேனும் கொண்டுவந்து கொடுத்தல் அந்நாட்டு வழக்கம். அம்மாலை விழாவின் பெயரே மிமூனா.

இத்தகைய முயற்சிகளாற் பயன் உண்டோ என ஐயுறுவோரும் உளர். அவர் ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று. மெயின் முகாமிற் பயின்ற பதினேழு வயது அரபு இளைஞர் ஒருவர், 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இஸ்ரேல் காவலர் சுட்டு மாண்டார். அவர் உடலில் அப்போது இருந்தது அமைதி முகாமின் பச்சை மேலாடை. நட்பு அவரைக் காக்கவில்லை. சில நாள் கூடி உண்டு மகிழ்வதால் நிலத்தைப் பற்றிய வழக்கும் நீதியைப் பற்றிய வழக்கும் தீர்ந்துவிடா. அவற்றைத் தீர்த்தல் ஆள்வோர் கடன். ஆயினும், அவ்விளைஞருக்காக அரபுத் தோழரோடு யூதத் தோழரும் கண்ணீர் வடித்தனர். எதிர்த்தரப்பில் ஓர் உயிர் போனால் அதனை ஓர் எண்ணாக மட்டும் கருதாது, பெயர் அறிந்து அழும் நெஞ்சம் முதலில் வேண்டும். அந்நெஞ்சம் இல்லாதார் நாளை ஆள்வோரானால், எழுதும் உடன்படிக்கை ஏட்டளவில் நிற்கும்.

இவ்விடத்தில் இலக்கண நுட்பம் ஒன்று எனக்குத் தோன்றுகின்றது. தொல்காப்பியர், வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் கிளவியாக்கத்தில் வகுத்துள்ளார். 'என்னிடம் வந்தான்', 'நின்னிடம் வந்தான்' என்பது மரபு. 'அவனிடம் சென்றான்' என்பது மரபு. படர்க்கையில் நிற்பவரைப்பற்றி நாம் எதனையும் கூறிவிடலாம். மறுமொழி கூற அவர் எதிரில் இல்லை. முன்னிலையில் அமர்ந்திருப்பவரிடம் பேசுங்கால் நா தானே அடங்கும். நாம் மட்டும் செல்லுங்காறும் பிறர் நமக்குப் படர்க்கையாரே. அவர் நம் இல்லம் வந்து நம் திண்ணையில் அமரும் நாளில் முன்னிலையார் ஆகின்றார்.

மாணவர்களே! நீங்கள் பயணம் மேற்கொள்ளும்போது மூன்றனை மறவாதீர்கள். செல்லுமுன் அவ்விடத்து மக்களின் வரலாற்றைக் கற்றுச் செல்லுங்கள். சென்றவிடத்துக் கட்டடங்களைக் காண்பதோடு அமையாது, அங்குள்ளாரோடு அமர்ந்து உண்டு, அவர் கூறுவதைப் பொறுமையுடன் கேளுங்கள். திரும்புங்கால், "எங்கள் ஊருக்கு எப்போது வருவீர்கள்?" என்று நீங்களே வினவி வாருங்கள். அன்று அம்மலைச்சிறுவன் வாய்திறந்து கேட்கும்படி விட்டது என் குறை. அக்குறை உங்கள்பால் நேராதிருக்கட்டும். செலவோடு வரவும் சேரும்போதுதான் கல்விப் பயணத்தின் கணக்கு நேர்படும்.