கம்பளியைப் பெட்டியில் வைக்கும் முன்...



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமியில் கம்பளிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கே மேயும் இராமநாதபுரம் வெள்ளை ஆடுகளின் உடலில் இருப்பதும் முடியே தவிர, நூற்பதற்குரிய கம்பளி அன்று. ஆயினும் மார்கழி, தை மாத வைகறைக் குளிருக்கென்று முதியோரின் சால்வையும் குழந்தைகளின் ஸ்வெட்டரும் நம் இல்லங்களில் இருக்கவே செய்கின்றன. மாசி பிறந்ததும் அவை பெட்டிக்குள் போய்விடும். அவற்றை எடுத்து வைக்கும் விதத்தில்தான் நாம் தவறு செய்கிறோம்.

என் அத்தா அவர்கள் சுபுஹுத் தொழுகைக்குக் காஷ்மீர்ச் சால்வை ஒன்றைப் போர்த்திச் செல்வார்கள். அவர்கள் மறைந்த பின், அவர்களுடைய வாசனை போய்விடுமே என்று அதைத் துவைக்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்தோம். மறு மார்கழியில் எடுத்துப் பார்த்தால் சால்வை சல்லடையாகியிருந்தது. நாங்கள் காக்க எண்ணிய வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்குமே பூச்சிக்கு விருந்தாகிவிட்டன.

ஆடையைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழுவே. கம்பளியிலுள்ள கெராட்டின் எனும் புரதம் அதன் உணவு. அழுக்குப் படிந்து, இருட்டில் அசையாமல் கிடக்கும் துணியை அது விரும்பி நாடும். வளைகுடாவிலிருந்து வரும் போர்வைகளில் பல செயற்கை இழையால் ஆனவை. அவற்றுக்கு இந்த அச்சம் இல்லை. ஐயமிருப்பின் ஓரத்து இழை ஒன்றைப் பிய்த்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி; உருகி உருண்டையானால் செயற்கை.

நம் பகுதியின் உப்புத் தண்ணீர் கம்பளிக்கு ஆகாது. சோப்பு அதில் திரிந்து இழையில் ஒட்டிக்கொள்ளும். பிடித்து வைத்த மழைநீரோ நல்ல தண்ணீரோ கொள்ளுங்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீர் அல்லது சிறிது ஷாம்பு போதும். சலவைச் சோடாவும் வெந்நீரும் வேண்டா. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னித் துணி சுருங்கிவிடும். எனவே கல்லில் அடிக்காமல், முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் இழுபடும். கயிற்றுக் கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் நிழலில் பரப்பி உலர்த்துங்கள்.

ஈரம் அறவே போனபின் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து உதறிச் சற்றே வெயில் காட்டுங்கள். வேப்பிலைச் சருகு இடுவது நல்ல வழக்கமே. ஆயினும் அது துவைப்பதற்கு ஈடாகாது.

ஓர் எச்சரிக்கை. பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சிளங் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். பிறவியிலேயே ஜி6பிடி எனும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு, அதிலுள்ள நாப்தலின் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். அக்குறை பார்வைக்குத் தெரியாது. உயிருக்கே ஊறு நேரலாம்.

அத்தாவின் சால்வையில் பழுதின்றி எஞ்சியது ஒரு முழத் துண்டே. அதைத் துவைத்து வைத்தேன். இன்றளவும் கெடாமல் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சால்வையாவது முழுமையாகப் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேரட்டும்.