தேயிலை நிரையில் புல் வெட்டு: கத்தி முன்னாலா, பின்னாலா?

புல் வெட்டும் உழவு இயந்திரம் ஒன்றில் வெட்டுத்தட்டு எங்கே பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி, பெருந்தோட்ட மக்களுக்குத் தொடர்பற்றது போலத் தோன்றும். சுழலும் கத்திகளை மூடியிருக்கும் இரும்புக் கூட்டையே இங்கு வெட்டுத்தட்டு என்கிறேன். நோட்டன் பிரிட்ஜின் தேயிலை மலைகளில் உழவு இயந்திரம் ஏறுவதில்லை. ஆனால் அந்த மலைகளில் புல் வெட்டும் இயந்திரத்தை மனிதன் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகிறான். இயந்திரத்தைச் சுமப்பது சக்கரமா, மனிதக் காலா என்பதே வேறுபாடு. கத்திக்கும் தடைக்கும் இடையிலான கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆதலால் சமதரையில் பிறர் கற்ற பாடத்தை முதலில் பார்த்துவிட்டு மலைக்கு வருவோம்.

தட்டைப் பொருத்துவதற்கு மூன்று இடங்கள் உண்டு: முன்புறம், நடுவயிறு, பின்புறம். மிகவும் மலிவானதும் பரவலானதும் பின்புறத் தட்டே. எந்த உழவு இயந்திரத்தின் பின்னாலும் மாட்டலாம், வேலை முடிந்ததும் கழற்றி வைக்கலாம். தென்னந்தோப்புகளின் நெடிய வரிசைகளுக்கு அது போதுமானது. ஆனால் மரத்தைச் சுற்றி வரும்போது அதன் குறை தெரிந்துவிடும். தட்டு பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால், இயந்திரம் இடப்புறம் திரும்பினால் தட்டு வலப்புறம் வீசும். மரத்தை நோக்கித் திரும்பினால் அடிமரத்தைச் சுற்றி வெட்டாத வளையம் எஞ்சும். மரத்தை விட்டு விலகித் திரும்பினால் தட்டின் விளிம்பு மரத்தில் மோதும். போதாக்குறைக்கு, ஓட்டுநர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் செல்ல வேண்டும். புல்லும் சக்கரத்தின் கீழ் மிதிபட்ட பிறகே கத்திக்கு வருகிறது.

நடுவயிற்றுத் தட்டு இரு அச்சுகளுக்கும் இடையில் இருப்பதால், ஓட்டுநர் திரும்பும் பக்கமே தானும் திரும்பும். வெளிப்புறம் வீசும் தொல்லை குறைவு. ஆனால் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் நுழைய முடியாது. நுழைந்தால் ஓட்டுநரின் தலையும் நுழைய வேண்டியிருக்கும். முன்புறத் தட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. கத்தி கண்ணுக்கு நேரே இருக்கும், செடியின் அடிவரை கையை நீட்டுவது போல நீட்டலாம். ஆயினும் இவ்வகை இயந்திரங்கள் பெரும்பாலும் பின்சக்கரத்தால் திரும்புபவை. முன்னால் உள்ள மரத்தைக் காத்த ஓட்டுநர், பின்பகுதியை வேறொரு மரத்தில் இடித்துவிடுவதும் உண்டு.

இந்த ஒப்பீட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று கேள்விகளை. கத்தி, வேலை செய்பவனின் பார்வைக்குள் இருக்கிறதா? அவன் திரும்பும்போது கத்தி எந்தப் பக்கம் வீசுகிறது? தவறு நேர்ந்தால் அடிபடுவது எது, அல்லது யார்? இம்மூன்றுக்கும் விடை சொல்லாமல் எந்தப் புல்வெட்டியையும் எந்த நிலத்திலும் இறக்கக்கூடாது.

இனி மலைக்கு வருவோம். ஓட்டுநர் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டிகளைப் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் செலுத்த வேண்டாம் என்பது அவற்றின் கையேடுகளில் பொதுவாகக் காணப்படும் எச்சரிக்கை. நமது தேயிலை மலைகளில் அதைப்போல இரு மடங்கு சரிவும் சாதாரணம். சரிவு ஒருபுறமிருக்க, நிரைகளின் அளவும் இடம் தராது. நான்கு அடிக்கு இரண்டு அடி என்ற இடைவெளியில் நடப்பட்ட ஏக்கர் ஒன்றில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செடிகள் நிற்கும். அதாவது, ஏக்கருக்கு ஐயாயிரம் தடைகள். அவற்றோடு நிழல் மரங்கள், பாறைகள், மலையின் குறுக்கே ஓடும் கான்கள். ஜப்பானில் தேயிலை நிரையைக் கால்களுக்கிடையே விட்டுக்கொண்டு நகரும் உயரமான இயந்திரங்கள் உண்டு. ஆனால் அவை ஓடுவது, இயந்திரத்துக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தப்பட்ட தோட்டங்களில். இங்கே மலை இருந்தபடியே இருக்கிறது. மனிதன்தான் வளைய வேண்டியிருக்கிறது.

புல் வெட்டும் தேவை ஏன் இவ்வளவு அவசரமாயிற்று என்பதையும் நினைவூட்ட வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையில், செடி மீண்டும் தழைத்து நிலத்தை மூடும்வரை களையின் ஆட்சிதான். முற்காலத்தில் அதைச் சுரண்டியால் சுரண்டினார்கள். களையோடு மேல்மண்ணும் பெயர்ந்து, அடுத்த மழையில் ஆற்றுக்குப் போயிற்று. பின்னர் கிளைபோசேட் வந்தது. 2015 இல் அது தடை செய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021 இல் இரசாயன உரத்தோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அந்த முடிவு கைவிடப்பட்டது. கொழும்பில் வர்த்தமானி மாறும்போதெல்லாம் மலையில் ஆயுதம் மாற வேண்டியதாயிற்று. மருந்து இல்லாத நாட்களில் எஞ்சியவை இரண்டே: சுரண்டியும் புல் வெட்டும் இயந்திரமும்.

இவ்விரண்டில் எதைத் தேர்வதென்று கேட்டால், தயக்கமின்றி இயந்திரத்தையே சொல்வேன். இயந்திரம் களையின் தலையை வெட்டி வேரை மண்ணில் விட்டுவைக்கிறது. அந்த வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும்; வெட்டிய புல் நிலத்தின் மேல் போர்வையாகக் கிடக்கும். நோட்டன் பிரிட்ஜில் இருப்பவர்களுக்கு இது வெறும் விவசாயப் பேச்சன்று. கெசல்கமுவ ஓயாவில் காசல்ரீ நீர்த்தேக்கமும், அதற்குக் கீழே நோட்டன் நீர்த்தேக்கமும் இருக்கின்றன. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்த நீர்மின் கனவு, 1950 இல் லக்ஷபானவில் நனவானது இந்த நீரைக் கொண்டுதான். மலையிலிருந்து பெயரும் மண் இறுதியில் இத்தேக்கங்களின் அடியில்தான் படியும். வேறொரு ஆற்றுப்படுகையான மகாவலியில், 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்ல நீர்த்தேக்கம், சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் தனது கொள்ளளவில் நாற்பது வீதத்துக்கும் மேல் வண்டலுக்கு இழந்தது. அந்தப் பாடம் நமக்குப் போதும். சுரண்டியைத் திரும்பவும் கையில் கொடுக்கும் நிர்வாகம், தன் மண்ணை மட்டுமன்றி நாட்டின் மின்சாரத்தையும் சுரண்டுகிறது.

ஆனால் இயந்திரத்தை ஆதரிப்பது ஒன்று, அதை யாரிடமும் எப்படியும் கொடுத்துவிடுவது வேறொன்று. மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் இங்கே பொருத்திப் பாருங்கள்.

தோளில் மாட்டும் இயந்திரத்தின் கத்தி, முன்புறத் தட்டைப் போல ஆளின் பார்வைக்குள்தான் இருக்கிறது. முதற்கேள்வியில் அது தேறிவிடும். இரண்டாவதில் சிக்கல். இக்கத்தி, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. வலமிருந்து இடமாக வீசி, கத்தியின் இடப்பகுதியால் வெட்ட வேண்டும். முன்வலப் பகுதி கல்லிலோ தண்டிலோ பட்டால் இயந்திரம் ஆளை உதைத்துத் தள்ளும். திறந்த வெளியில் இது எளிய விதி. நான்கடி நிரையிலோ இரு பக்கமும் தேயிலை நிற்கிறது. வலப்பக்கச் செடி, ஆபத்தான அந்தப் பகுதிக்கு நேராகவே நிற்கிறது. கத்திக்குப் பதில் நைலோன் இழையைப் பூட்டினால் உதைப்புக் குறையும் என்பது உண்மை. ஆனால் இளஞ்செடியின் பட்டையை அந்த இழை சுற்றிலும் உரித்துவிட்டால் செடி பட்டுப்போகும்.

மூன்றாவது கேள்விக்கு விடை இன்னும் கசப்பானது. சமதரையில் தட்டு மோதினால் இரும்பு வளையும். இங்கே அடிபடுவது முழங்காலும் கண்ணும். கல் தெறிக்கும் என்பதால் பதினைந்து மீற்றர் சுற்றளவுக்குள் வேறெவரும் நிற்கக்கூடாது என்று கையேடுகள் கூறுகின்றன. நான்கடி நிரையில் அது பன்னிரண்டு நிரைகளின் தூரம். பக்கத்து நிரைகளில் பெண்கள் கொழுந்து பறிக்க, நடுவில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தால் அந்த விதியின் கதி என்ன?

ஆகவே எனது கருத்து இதுதான். நிரையின் நடுப்பகுதியும் பாதையோரமும் கான்கரையும் இயந்திரத்துக்கு. செடியின் அடியைச் சுற்றிய ஒரு சாண் நிலம் கைக்கு. சமதரையில் மூன்று தட்டுகளாலும் முழுமையாகத் தீர்க்க முடியாத அந்த வளையத்தைத் தீர்க்கும் கருவி, மனிதனின் விரல் மட்டுமே. இயந்திரம் பிடிப்பவருக்குப் பயிற்சியும், கண்ணாடியும், கால்கவசமும் நிர்வாகத்தின் கடன். எரிபொருளுக்குக் கணக்கு எழுதுவது போலவே இவற்றுக்கும் எழுத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி. இவ்வளவு நிலம் வெட்டினால்தான் பேர், குறைந்தால் அரைப்பேர் என்று அளவு வைத்தால், எந்த மனிதனும் ஒவ்வொரு செடியருகிலும் இயந்திரத்தை நிறுத்திக் குனியமாட்டான். பேரைக் காப்பாற்றச் செடியையும், சிலவேளை தன் காலையும் பணயம் வைப்பான். கைக்களை எடுக்கும் வேலைக்குத் தனியாக ஆள் கணக்கு வைப்பதே நேர்மையான வழி.

ஆள் பற்றாக்குறையும் உற்பத்திச் செலவும் இதற்கு இடந்தராது என்று நிர்வாகங்கள் சொல்லும். அந்த நெருக்கடி பொய்யன்று. இளைஞர்கள் மலையை விட்டுக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருப்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் பட்டை உரிந்து இறந்த செடிக்குப் பதிலாக நட்ட கன்று பலன் தரச் சில ஆண்டுகள் செல்லும் என்பதும் அதே செலவுக் கணக்கில் சேர வேண்டியது. புல் வெட்டுவதைத் தொழில்திறனாக மதித்து, அதற்குரிய கூலியைக் கொடுத்தால், போகிற இளைஞர்களில் சிலராவது நிற்பார்கள். தட்டு முன்னாலா பின்னாலா என்று இயந்திரம் வாங்குபவர்கள் விவாதிக்கட்டும். மலையில் அந்தத் தட்டைத் தாங்கி நிற்பவனின் கால் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்ப்பதே தோட்ட நிர்வாகத்துக்கு அழகு.