கீரி மேல் பழி

ஊசுட்டேரிக் கரையில் ஆள்காட்டிக் குருவி குறைந்துபோனதற்குக் கீரிதான் காரணம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. காலையில் நடக்க வரும் பெரியவர்கள் இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள். கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டுமாம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். யோசனையே தப்பு.

கீரி முட்டை தின்னும். யார் இல்லை என்றது? நரியும் தின்னும், காட்டுப்பூனையும் தின்னும். ஆள்காட்டி தரையில் சிறு பள்ளம் பறித்து, மண்ணோடு மண்ணாகத் தெரியும் நாலு முட்டை இடும். ஏறக்குறைய 4 வாரம் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். வெயில் கடுத்தால் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டை மேல் உட்காரும். யாராவது கிட்டே வந்தால் கத்தி ஊரைக் கூட்டும். இத்தனை உபாயமும் கீரிக்கும் நரிக்கும் பயந்து கற்றதுதானே? ஆயிரமாயிரம் வருஷமாக எல்லாம் ஒரே கரையில்தான் பிழைத்தன.

கீரி கெடுத்த இடம் வேறு. 1853 முதல் நம் ஆட்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்களே, அந்தப் பக்கத்துத் தீவுகளில். 1872-இல் ஜமைக்காவில் ஒரு தோட்ட முதலாளி, கரும்பைக் கடிக்கும் எலியை ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து 9 கீரிகளை வரவழைத்தார். அவை பெருகின, தீவு தீவாகக் கொண்டுபோய் விட்டார்கள். மார்த்தினிக்கில் விஷப்பாம்பையும் கீரி தீர்த்துவிடும் என்று நம்பினார்கள். எலி இரவில் திரிவது, கீரி பகலில் திரிவது. இதைக்கூடவா யோசிக்கவில்லை? எலியும் இருக்கிறது, பாம்பும் இருக்கிறது. கீரியையே கண்டறியாத தரைப் பறவைகள்தான் அடிபட்டன. கொண்டுபோய் விட்டவன் மனிதன், கெட்ட பெயர் கீரிக்கு.

இங்கேயும் அதே கதைதான், மிருகம் மட்டும் வேறு. நாய்! 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தெருநாய்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். இரை குறைந்தால் கீரியும் குறையும். நாய்க்கு அந்தக் கட்டு கிடையாது. மூட்டை மூட்டையாகக் கோழிக்கழிவைக் கரையில் கொட்டுகிறோம். புண்ணியம் என்று பிஸ்கட்டும் சோறும் வைக்கிறோம். வயிறு நிறைந்த பிறகும் நாய் விளையாட்டுக்குத் துரத்தும். ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த கையோடு ஓடும், ஆனால் பறக்க ஒரு மாதத்துக்கு மேலாகும்.

கருத்தடை செய்கிறார்களே என்பீர்கள். 2023 விதிகளின்படி கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பிடித்த இடம் ஏரிக்கரையானால்? அது குட்டி போடாது, சரி. முட்டை தின்னாதா? கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். தெருவை மனதில் வைத்து எழுதிய விதியைச் சரணாலயத்துக்கும் அப்படியே பூட்டினால் இப்படித்தான் ஆகும்.

நாய்க்குச் சோறு போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் தெருவில் வையுங்கள் ஐயா, ஏரிக்கரைக்குத் தூக்கி வராதீர்கள். 2008-லேயே சரணாலயம் என்று அறிவித்தாயிற்று. ஆள்காட்டி முட்டையிடும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரையாவது, கழிவு கொட்டுவதையும் சோறு வைப்பதையும் தடுக்கக் கரையில் இரண்டு காவலாளிகளைப் போடட்டும். கீரிக்குக் கூண்டு வாங்கும் காசைச் சம்பளமாகக் கொடுக்கலாம்.