வண்டியின் மின்சாரமும் மடிக்கணினியும்

கினிகத்தேனையைக் கடந்து ஹட்டனை நோக்கி ஏறும் காரிலே, மடிக்கணினியில் பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியரை இன்று காண்கிறோம். நன்று. ஆனால் அதற்கு மின்னூட்டும் முறையே விந்தை! காரின் மின்கலம் தருவது 12 வோல்ட். மடிக்கணினிக்கு வேண்டுவதோ ஏறத்தாழ 20 வோல்ட். அதனை இன்வேர்ட்டரால் 230 வோல்ட்டாக உயர்த்திப் பின்னர் சார்ஜரால் தாழ்த்துவது, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும். இரு மாற்றத்திலும் மின்சாரம் வெப்பமாகி வீணாகிறது. கார் சார்ஜர் ஒன்றே போதும்.

இன்னொன்றும் உண்டு. 2022 மார்ச் 31ஆம் நாள் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு நேர்ந்தது. அத்தகைய இரவில், நின்ற வண்டியின் மின்கலத்தைக் கணினிக்காக வற்றச்செய்வோர் சற்றே சிந்திக்க: லயத்தில் ஒருவர் நோயுற்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டியதும் அவ்வண்டியே. மின்கலம் முதலில் உயிருக்கு, பிறகே எழுத்துக்கு.