சுமக்கப் பிறந்த வாத்தியமா?

இசை நயம் அறிந்த ஆசிரிய நண்பரொருவர் அண்மையில் என்னுடன் கடுமையாக வாதிட்டார். பித்தளைக் குழல் வாத்தியங்களுள் உருவிற் பெரியதும் குரலிற் தாழ்ந்ததுமான ரியூபாவிலே தனியிசை வாசிப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட ஒரு கலைஞரைப் பற்றி நான் கூறியதே வாதத்துக்குக் காரணம். "யானைக்கு நாட்டியம் பழக்கும் வேலை இது. வயலின் பாடப் பிறந்தது. ரியூபா சுமக்கப் பிறந்தது. இயற்கை வகுத்த ஒழுங்கை எவரால் மாற்ற முடியும்?" என்றார் அவர். மனிதரைப் பற்றி எவரேனும் இவ்வாறு கூறியிருந்தால் வெகுண்டெழுந்திருக்கக் கூடியவர். வாத்தியம் என்றதும் பிறப்பால் உயர்வு தாழ்வு பேசத் தலைப்பட்டுவிட்டார்!

இந்த "இயற்கை"யின் வயதைச் சற்றே பார்ப்போம். ரியூபாவுக்குப் பிரஷ்யாவிலே காப்புரிமை வழங்கப்பட்டது 1835ஆம் ஆண்டில். படைகளின் இசைக்குழுக்களை நடத்திய வீப்பிரெக்ற் என்பவரும் மொறிற்ஸ் என்ற கருவி செய்வோரும் அதனை ஆக்கினர். பாண்டு வாத்தியத்துக்கு உறுதியானதோர் அடிக்குரல் வேண்டியிருந்தது. அதற்காகப் பிறந்தது அது. மொஸார்ட் மறைந்தது 1791இல். பேத்தோவன் மறைந்தது 1827இல். அவர்கள் ரியூபாவுக்கு ஒரு சுரமேனும் எழுதாமைக்கு அதன் இழிவு காரணமன்று. அப்பொழுது அது இருக்கவேயில்லை. பின் வந்தோரும் அதனை அடித்தளத்திலேயே இருத்தினர். துவோர்ஷாக் 1893இல் அளித்த "புதிய உலகம்" என்னும் சிம்பனியில் ரியூபாக்காரருக்குரிய பங்கு இரண்டாவது பகுதியில் வரும் ஒரு சில சுரங்கள் மாத்திரமே. மிகுதி நேரமெல்லாம் அவர் மடியிற் கருவியுடன் மேடையில் வீற்றிருக்கிறார். எழுதுவோர் இல்லாமையால் தனித்து வாசிப்போர் இல்லை. வாசிப்போர் இல்லாமையால் எழுதுவோர் இல்லை. இவ்விரண்டு இன்மையையும் சான்றாகக் காட்டி, "தகுதி இல்லை" என்று தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். இத்தகைய தீர்ப்புக்கள் நமக்குப் புதியனவல்ல.

கருவியில் இடர்ப்பாடே இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. 12 முதல் 18 அடி வரை நீளமுள்ள, வாய் நோக்கி அகன்று செல்லும் குழாய் அது. அடிச் சுரங்களுக்கு மூச்சு வெகு விரைவிற் செலவாகும். வயலின்காரர் வில்லைத் திருப்பி வாசிப்பைத் தொடர்வார். ரியூபாக்காரரோ மூச்செடுக்க இசையை இடைமுறித்தே ஆகவேண்டும். ஆயினும் இடர்ப்பாடு வேறு, இயலாமை வேறு.

நான் குறிப்பிட்ட கலைஞர் ஹார்வி பிலிப்ஸ். 1929இல், உலகப் பொருளாதாரம் சரிந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து அரோரா என்ற ஊரிலே உழவர் குடும்பமொன்றின் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தார். பாடசாலை இசைக்குழுவிற் கருவியைக் கையிலெடுத்தவர், இருபது வயதுக்கு முன்னரே சேர்க்கஸ் பாண்டிற் சம்பளத்துக்கு வாசிக்கப் புறப்பட்டார். புகழ்பெற்ற ரிங்லிங் சகோதரர் சேர்க்கஸிலும் வாசித்தார். இதனை இளமைக்கால வேடிக்கையாகக் கூறிக் கடந்துவிடுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. குதிரை நடையை மாற்றினால், கயிற்றில் ஆடுபவர் ஒரு கணம் தாமதித்தால், அக்கணமே இசையும் மாறவேண்டும். அங்கே இசை ஒரு கடும் உழைப்பு. நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் வில்லியம் பெல்லிடம் அவர் கற்றது பெரிது. சேர்க்கஸ் கூடாரத்திற் கற்றது அதனிற் சிறிதன்று.

1954இல் நியூயோர்க் பித்தளை ஐவர் குழு தோன்றியபோது அதன் மூல உறுப்பினருள் அவரும் ஒருவர். இரண்டு ட்ரம்பெற், ஒரு ஹோர்ண், ஒரு ட்ரொம்போன், ஒரு ரியூபா. கோல் பிடித்து ஆணையிட எவருமில்லை. ஒருவர் பிழைத்தால் மறைக்க வேறொருவர் இல்லை. அடிக்குரல் பாடத் தொடங்கினால் அதனை மூடி அமுக்கவும் ஆளில்லை. பெரும் இசைமன்றத்தின் கடைசி வரிசையில் ஒடுங்கியிருந்த வாத்தியம் இங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு உரிமை பெற்றது. அவ்வாண்டிலேயே இலண்டனில், 81 வயதான வோன் வில்லியம்ஸ் எழுதிய ரியூபா கொன்செர்ட்டோவைப் பிலிப் கற்றலினெற் முதன்முறையாக வாசித்தார். முதியவரின் விளையாட்டென நகைத்தோர் அன்று இருந்தனர். மறு ஆண்டு ஹிண்டமித் ரியூபாவுக்குச் சொனாற்றா எழுதினார்.

பிலிப்ஸுக்காக அலெக் வைல்டர் எழுதியவற்றுள் ஒன்று, எஃபி என்னும் பெண் யானையைப் பற்றியது. நண்பரின் கேலியை அப்படியே எடுத்துக் கையாள்கிறது அது: யானை நடனமும் பழகுகிறது! ஆனால் இறுதியில் அது தாலாட்டுப் பாடுகிறது. சிரிக்க வந்தவர் அந்த இடத்தில் சிரிப்பதில்லை.

"அவர் மேதை; விதிவிலக்கு" என்பது தோற்றவர்களின் கடைசி அரண். விதிவிலக்காக நிற்க விரும்பியவர் எனின், தமக்கு மட்டும் நான்கு உருப்படிகளை எழுதுவித்து அவற்றைப் பூட்டி வைத்திருப்பார். பிலிப்ஸின் முயற்சியாற் பிறந்த புதிய படைப்புக்கள் இருநூறுக்கும் மேல். அவற்றை இன்று மாணவர் வாசிக்கின்றனர். 1971 முதல் 1994 வரை இண்டியானாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். 1974 டிசம்பரில், தம் ஆசிரியர் பெல்லின் நினைவாக, நியூயோர்க்கின் ரொக்பெல்லர் வளாகத்திலே முந்நூறுக்கு மேற்பட்ட கலைஞரைத் திரட்டி நத்தார்ப் பாடல்களை வாசிக்கச் செய்தார். சுமக்கும் வாத்தியம் மட்டுமே பாடிய கச்சேரி அது. 2010இல் அவர் மறைந்தார்.

இவர்களிடமும் குறை இல்லாமலில்லை. 1973இல் ரியூபாக் கலைஞர் அமைத்த சங்கம் தன்னை உலகளாவிய "சகோதரர்" சங்கம் என்று அழைத்துக்கொண்டது. பெயரின் முதலெழுத்துக்கள் கருவியின் பெயரைத் தரும் என்ற சாதுரியத்தில் மகிழ்ந்தவர்களுக்குச் சகோதரிகள் நினைவுக்கு வரவில்லை. பின்னர் அப்பெயர் மாற்றப்பட்டது. 2006இல் பிலடெல்பியா இசைமன்றத்தின் ரியூபா இருக்கைக்குக் கரோல் ஜான்ச் தெரிவானபோது, அவர் இன்னும் பல்கலைக்கழக மாணவி.

இத்தனையும் நண்பரிடம் எடுத்துரைத்தேன். "இயற்கை" என்ற சொல்லை அவர் மீண்டும் எடுக்கவில்லை. இருந்தும் வயலினே இனிது என்றார். இனிமை பற்றி அவருடன் எனக்கு வழக்கில்லை.